நாளைய ஆசிரியர்க்கு இன்றே பயிற்சி

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபொழுது கைபேசியே பல குழந்தைகளுக்கு வகுப்பறையாயிற்று. ஆசிரியர் பலர் அக்கருவியைத் தாமே தட்டுத் தடுமாறிக் கற்றனர். அவர்கள் திரையில் தோன்றிப் பாடம் சொன்னார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். பிள்ளைகள் தம்முள் கூடிக் கற்பதற்கு அங்கே இடம் குறைவு.

கூடிப் பணிபுரிவதற்கென்றே இணையத்தில் சாதனங்கள் உண்டு. 2006-ல் வெளிவந்த கூகுள் டாக்ஸ் அவற்றுள் ஒன்று. நால்வர் நான்கு இடங்களிலிருந்து ஒரே ஏட்டில் ஒரே வேளையில் எழுதலாம்; எவர் எதை எழுதினார், எதைத் திருத்தினார் என்பதும் பதிவாகும்.

சாதனம் எளிது, அதைக்கொண்டு கற்பித்தல் எளிதன்று. நால்வரிடம் ஓர் ஏட்டைக் கொடுத்தால் கெட்டிக்காரன் ஒருவனே முழுவதும் எழுதிவிடுவான். மற்றவர் வேடிக்கை பார்ப்பர். பணியைப் பங்கிடுதலும், ஒவ்வொருவர் பங்கையும் தனியே மதிப்பிடுதலும், பிறர் எழுத்தைப் பண்போடு திருத்தப் பழக்குதலும் ஆசிரியர் கடமை. இரயில்வேயில் ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்தாரின் இசைவின்றி வண்டி புறப்படுவதில்லை. அவ்வொழுங்கு கருவியால் மட்டும் வந்ததன்று. கையாள்வோர் பெற்ற பயிற்சியால் வந்தது.

2014-ஆம் ஆண்டு விதிகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியை வகுத்தன. பள்ளிக்குச் செல்லுமுன் பயிற்சி மாணவர் நால்வர் கூடி ஒரு பாடத்திட்டத்தை இவ்வாறு எழுதிப் பார்க்க வேண்டும். ஒருவர் செய்முறையை எழுதுக. ஒருவர் படங்களைத் தேடுக. ஒருவர் வினாக்களை அமைக்க. ஒருவர் பிழை நோக்குக. பேராசிரியர் திருத்தப் பதிவைப் பார்த்து அவரவர் உழைப்பை எடுத்துரைக்கட்டும். தாம் மாணவராயிருந்து பட்ட இடர்களை அறிந்தவரே பிறர்க்கு வழிகாட்ட வல்லவர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் வேற்று மொழியுமாக வளரும் நம் குழந்தை வகுப்பில் எழுந்து பேசக் கூசும். எண்ணி எழுத அவகாசம் கிடைத்தால் அதன் அறிவு வெளிப்படும். வீட்டிலுள்ள ஒரே கைபேசியும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடுவதுண்டு. ஆகவே இப்பணியைப் பள்ளி நேரத்திலேயே, பள்ளிக் கணினியிலேயே அமைக்கும் விவேகமும் ஆசிரியர்க்கு வேண்டும்.

நம் பெண்மக்களும் ஆண்மக்களும் ஆசிரியர் பயிற்சிக்குச் சேரும்பொழுது, கட்டணத்தையும் விடுதியையும் விசாரிப்பதோடு, இப்பயிற்சி உண்டா என்பதையும் பெற்றோர் கேட்பாராக. நாளை அவர்கள் முன் அமரப்போகிறவர்கள் நம் போன்றோர் வீட்டுப் பிள்ளைகளே.