எஞ்சின் ஏன் திக்குகிறது?

வண்டலூரிலிருந்து படப்பை, ஓரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு வரும் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பெரிய லாரிகளுக்கு நடுவே எத்தனை சின்ன பிக்கப் வண்டிகள் போகின்றன! நெல் மூட்டை, காய்கறிக் கூடை, தண்ணீர் கேன், கட்டில், பீரோ என்று அவை ஏற்றாத சுமை இல்லை. 2005-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சின்னஞ்சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

இத்தகைய வண்டிகள் பலவற்றுக்கு உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. வண்டி ஓடினால்தான் அன்றைய வருமானம். மாதத் தவணையும் கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் நின்ற இடத்தில் நடுங்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “மிஸ்ஸிங் அடிக்கிறது” என்கிறார் மெக்கானிக். புது ஸ்பார்க் பிளக் போட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் சில வாரங்களில் திரும்பி வருகிறது. மறுபடியும் பிளக், பிறகு காயில், அதன்பிறகு இன்னொரு பாகம். பணம் கரைகிறதே தவிர நோய் தீரவில்லை. ஏன்? இதற்கு விடை காண எஞ்சினுக்குள் சென்று பார்ப்போம்.

நான்கு தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சிலிண்டர்கள் இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இவ்வாறு எரிவதற்கு நான்கு தேவைகள் உண்டு.

முதலாவது காற்று. இரண்டாவது எரிபொருள். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மூன்றாவது அழுத்தம். பிஸ்டன் மேலே வரும்போது கலவை கசியாமல் நன்கு அழுந்த வேண்டும். நான்காவது, சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. பாட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். அதைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, பிளக்கின் முனையில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பாயச் செய்கிறது.

இவற்றில் ஏதேனும் ஒன்று தவறினாலும் கலவை எரியாது. சிலிண்டர் ஒரு முறை தன் வேலையைச் செய்யாமல் விட்டுவிடும். இதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்கிறோம். விளைவு ஒன்றேயானாலும் அதற்குக் காரணம் நான்கு திசைகளில் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

நிற்கும்போது நடுக்கம், ஓடும்போது இல்லை

வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றுகிறது. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். எனவே அது நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 7 முறை எரிகிறது. அந்தச் சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் எஞ்சின் வினாடிக்கு 7 முறை தடுமாறும். ஓட்டுநரின் இருக்கை, ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் அந்தத் தாளத்தில் அதிரும்.

வண்டி ஓடும்போது எஞ்சின் 3000 சுற்றுக்குப் போய்விடுகிறது. அங்கே நமக்கு உதவுவது ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரம். சுழலும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 3000-ஐ 800-ஆல் வகுத்தால் 3.75. அதன் இருமடி சுமார் 14. ஆகவே, ஓடும்போது ஃபிளைவீலில் 14 மடங்கு ஆற்றல் சேமிப்பில் இருக்கிறது. ஒரு சிலிண்டர் தள்ளத் தவறினாலும் இந்தச் சேமிப்பு அதை ஈடு செய்துவிடுகிறது. கையிருப்பு குறைவான வீட்டில் ஒரு நாள் கூலி தவறினாலும் தெரிந்துவிடும் அல்லவா? ஐடிலிங்கில் எஞ்சினின் நிலை அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐடிலிங்கில் காற்று நுழையும் கதவு ஏறத்தாழ மூடியே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவு. அங்குள்ள ரப்பர் ஹோஸில் சிறு விரிசல் இருந்தால் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே பாயும். ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்தான். ஆகையால் இந்தத் திருட்டுக் காற்று கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூடிக் கதவு திறந்ததும் அதே கசிவு ஒரு பொருட்டாக இருக்காது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. நிற்கும்போது நன்றாக இருக்கும் எஞ்சின், சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் திக்கலாம். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுதி. அழுத்தம் மிகுந்த வாயுவில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஆகவே காயில் அல்லது பிளக் பலவீனமாக இருக்கக்கூடும் என்று முதலில் சந்தேகிக்கலாம். சி.என்.ஜி. வாயுவுக்குப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. இரண்டிலும் ஓடும் வண்டி, வாயுவில் மட்டும் திக்கினால் அப்போதும் பொறியின் வலிமையைப் பார்ப்பது நல்லது. ‘எப்போது திக்குகிறது?’ என்னும் ஒரு கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது, பார்த்தீர்களா?

எந்தச் சிலிண்டர்?

இக்காலத்து எஞ்சின்களில் இதைக் கண்டுபிடிக்க ஓர் உணர்வி உண்டு. கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரம் ஒன்றில் பல வண்டிகளில் 58 பற்கள் இருக்கும். 60 பற்களுக்கு உரிய இடத்தில் இரண்டை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிதான் தண்டின் நிலையைக் காட்டும் அடையாளம். ஒவ்வொரு பல்லும் கடந்து போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணிப்பொறி அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அந்த அரைச் சுற்றில் பற்கள் கொஞ்சம் தாமதமாக வரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தாமதம் என்பதை வைத்துக் கணிப்பொறி ஒரு குறியீட்டைப் பதிந்து வைக்கும். ‘பி 0302’ என்றால் 2-ஆம் சிலிண்டர். ‘பி 0304’ என்றால் 4-ஆம் சிலிண்டர். ‘பி 0300’ என்றால் குறிப்பிட்ட ஒன்று என்று சொல்ல முடியாதபடி பலவற்றில் மாறி மாறி வருகிறது என்று பொருள்.

ஆனால் கணிப்பொறி ‘எங்கே’ என்று மட்டுமே சொல்லும். ‘ஏன்’ என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்

தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டறிகிறீர்கள்? குண்டின் எடையையும் நூலின் நீளத்தையும் ஒரே சமயத்தில் மாற்றுவதில்லை. ஒன்றை மாற்றும்போது மற்றதை அப்படியே வைத்திருக்கிறீர்கள். நல்ல மெக்கானிக் செய்வதும் இதுவே.

2-ஆம் சிலிண்டரில் கோளாறு என்று தெரிந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் காயிலை மட்டும் கழற்றி 3-ஆம் சிலிண்டரில் மாட்டுவார். 3-இன் காயிலை 2-இல் மாட்டுவார். இப்போது கோளாறும் 3-க்கு மாறிவிட்டால் குற்றம் காயிலில்தான். கோளாறு 2-லேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்ப்பார். பிறகு எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டரையும் அவ்வாறே சோதிப்பார். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்காமல் மூன்று சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

மூன்றும் நிரபராதிகள் என்றால் மிஞ்சுவது அழுத்தம். பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளக்கலாம். மற்றச் சிலிண்டர்கள் 12 பார் காட்டும்போது இது மட்டும் 8 காட்டினால் எங்கோ கசிகிறது. கசிவு பிஸ்டன் வளையத்திலா, வால்விலா? சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். எண்ணெய் வளையத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் உயர்ந்தால் தேய்ந்தது வளையம். உயராவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். எவ்வளவு எளிய சோதனை!

பிளக் என்னும் சாட்சி

புதுப் பிளக் போட்டும் நோய் திரும்பி வந்தது ஏன் என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாமல் அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி அல்லது அதிக வெப்பம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் நுழைகிறது.

கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஆயில் ஏன் நுழைகிறது? வளையம் தேய்ந்திருக்கலாம். வளையம் ஏன் தேய்ந்தது? கிழிந்த காற்று வடிகட்டி வழியே புழுதி உள்ளே போயிருக்கலாம். கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் லாரிகள் ஓடும் வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சாலைகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. கல்லின் துகள் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அப்படியானால் புதுப் பிளக் சில வாரம் சுத்தமாக இருக்கும். பிறகு அதுவும் ஆயிலில் நனைந்து பொறி விடாமல் நின்றுவிடும். பிளக் இங்கே வெறும் சாட்சி. சாட்சியை மாற்றிக்கொண்டே இருந்தால் வழக்கு முடியுமா? ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ‘அது ஏன்?’ என்று இன்னொரு முறை கேட்பவரே நோயின் வேரைப் பிடிப்பார்.

டீசல் வண்டியில்

முதலில் வந்த குட்டி யானையின் எஞ்சின் இரண்டே சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின். அதில் ஒன்று நின்றுவிட்டால் பாதி பலம் போய்விடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிக நெருக்கி அழுத்துவதால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அதில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே தேட வேண்டியவை அழுத்தக் குறைவு, அடைபட்ட இன்ஜெக்டர், டீசலில் கலந்த நீர், குழாயில் புகுந்த காற்று ஆகியவை.

ஓர் எச்சரிக்கை. புதிய டீசல் எஞ்சின்களின் எரிபொருள் குழாயில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பெட்ரோல் எஞ்சினின் காயிலிலோ பல ஆயிரம் வோல்ட். ஓடும் எஞ்சினில் நீங்கள் கை வைக்க வேண்டாம். பார்ப்பது, கேட்பது, யோசிப்பது மட்டும் உங்கள் பங்காக இருக்கட்டும்.

தள்ளிப் போடலாமா?

“ஓடுகிறவரை ஓடட்டும்” என்று விடுவது நல்லதல்ல. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி என்னும் பாகம் உள்ளது. எரியாத எரிபொருள் அதற்குள் எரிந்து, அதன் நுண்துளைகளை உருக்கிவிடக்கூடும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய பழுது பல ஆயிரமாகிவிடும். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிவது இந்த ஆபத்தைச் சொல்லத்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. வாலாஜாபாத் சாலையில் உள்ள ஓரகடத்திலேயே வாகனங்களைச் சோதிக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இயங்குகிறது. ஆனால் எவ்வளவு கவனமாகச் சோதித்து அனுப்பிய வண்டியானாலும், ஒரு சிலிண்டர் திக்கத் தொடங்கினால் அதன் புகை நம் தெருவில்தான் கலக்கும்.

செய்து பாருங்கள்

ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் டயரை உள்ளங்கையால் சீரான தாளத்தில் தட்டித் தட்டிச் சுழற்றுங்கள். கம்பிகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுழலும்போது நான்கு தட்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். சக்கரம் தளர்வது கண்ணுக்கே தெரியும். பிறகு வேகமாகச் சுழலவிட்டு, அதேபோல் நான்கில் ஒன்றை விடுங்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள். சக்கரத்தின் விளிம்பில் ஈரத்துணியைச் சுற்றி எடையைக் கூட்டினால் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செய்து பாருங்கள்.