மிடிக் கோப்பைத் திறக்க எந்த மென்பொருள்?

மிடிக் கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தவேண்டும், எப்போது விடவேண்டும் என்ற கட்டளைகள்தான் அதில் வரிசையாக இருக்கின்றன. உதாரணத்துக்கு 144, 60, 100 என்ற மூன்று எண்கள். முதல் எண், ஒன்றாம் சேனலில் சுரம் தொடங்குகிறது என்கிறது. அடுத்தது கீபோர்டின் நடு ஸி. கடைசி எண், விரல் இறங்கிய வேகம். இந்தக் கட்டளைகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறைதான் மிடி. 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அனாஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ப்ராஃபெட்-600, ஜூப்பிட்டர்-6 என்று இரு போட்டி நிறுவனங்களின் சிந்தசைசர்களைக் கேபிள் போட்டு இணைத்துக் காட்டினார்கள். மிடி ஊர் அறிய வந்தது அப்போதுதான்.

ஒலியைத் தருவது நம் கணினி. அதனால் ஒரே கோப்பு என் வீட்டில் ஒருமாதிரியும் உங்கள் வீட்டில் வேறுமாதிரியும் கேட்கும். “சத்தம் நன்றாயில்லை” என்று ஒரு மென்பொருளை ஒதுக்கிவிடாதீர்கள்; கருவிகளின் ஒலி மாதிரிகள் அடங்கிய நல்ல சவுண்ட்ஃபாண்ட் ஒன்றைச் சேர்த்தால் சத்தம் மாறிவிடும். கோப்பை மென்பொருள் எப்படிக் காட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பவர்களுக்கும், அச்செடுத்துக் கையில் வைத்து வாசிப்பவர்களுக்கும் இலவசமான மியூஸ்ஸ்கோர் போதும். ஆனால் சுரங்களை அரை, கால், அரைக்கால் என்று கட்டத்துக்குள் அடக்கினால்தான் அதனால் எழுத முடியும். வாசித்தவர் ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து வைத்த அழகு அந்த அடக்கலில் போய்விடும்.

திருத்துவதற்குப் பியானோ ரோல்தான் வசதி. துளையிட்ட காகிதச் சுருளை ஓடவிட்டுத் தானாக வாசித்த பழைய பியானோக்களிலிருந்து வந்த பெயர் அது. இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுருதி. சுரங்கள் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தெரியும், இழுத்தால் நகரும். ரீப்பர், லினக்ஸில் ரோஸ்கார்டன், இலவசமான மிடிஎடிட்டர் எல்லாம் இந்த வகை.

நம் சங்கீதக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கமகம் மிடியில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளையாகத்தான் பதிவாகிறது. மொத்தம் 16,384 படிகள். வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. பட்டைகளுக்குக் கீழே அந்த வளைவை வரைந்து காட்டாத மென்பொருளில் கமகம் கண்ணுக்கே தெரியாது. நான் முதலில் தேடுவது இதைத்தான். வளைவு சேனல் முழுவதையும் வளைக்கும் என்பதால், கமகம் உள்ள வரியைத் தனிச் சேனலில் வைப்பது நல்லது.

ஒருமுறை ஒரு பாட்டின் நடுவே சுரங்கள் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக ரீங்கரித்துக்கொண்டே இருந்தன. பியானோ ரோலில் பட்டைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. கட்டளைகளை அப்படியே பட்டியலிடும் ஈவென்ட் லிஸ்ட்டைத் திறந்து வரிவரியாகப் பார்த்தபோது பிடிபட்டது: 64ஆம் கன்ட்ரோலர், அதாவது சஸ்டெயின் பெடல், மதிப்பு 127. அழுத்திய பெடலை விடுவிக்கும் 0 பின்னால் எங்குமே இல்லை. அந்த ஒரு வரியை அழித்ததும் பாட்டு தெளிந்தது. அன்றிலிருந்து ஈவென்ட் லிஸ்ட் இல்லாத மென்பொருளை நான் வைத்துக்கொள்வதில்லை. விண்டோஸில் செகாய்ஜு என்ற மென்பொருள் ஸ்டாஃப், பியானோ ரோல், ஈவென்ட் லிஸ்ட் ஆகிய மூன்று பார்வைகளையும் இலவசமாகவே தருகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் கோப்பின் நகல் ஒன்றை அதில் திறந்து, எதையும் தொடாமல் வேறு பெயரில் சேமியுங்கள். பழையதையும் புதியதையும் ஈவென்ட் லிஸ்ட்டில் ஒப்பிடுங்கள். டெம்போ மாற்றங்கள், சேனல் எண்கள், பெண்ட் வளைவுகள் அப்படியே இருக்கின்றனவா? டிராக்குகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். பல மென்பொருள்களில் அவை கேள்விக்குறிகளாகிவிடும்.