புது விங் வாங்குகிறீர்களா? பறப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

ஹிமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பில்லிங். அங்கிருந்து கிளம்பும் பாராகிளைடர், தௌலாதார் மலைத்தொடரை ஒட்டித் தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், ஏறி ஏறித் தரம்சாலா வரை போய்த் திரும்பலாம். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை உண்டு. தடை நீங்கியதும் நாலா திசையிலிருந்தும் பைலட்டுகள் வந்து சேர்வார்கள். பலரது பையில், சில லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய நெடுந்தூரம் பறப்பதற்கான புத்தம்புதிய கிராஸ்-கன்ட்ரி விங் (பாராகிளைடரின் துணி இறக்கை) இருக்கும். பணம் கட்டும் முன்பும், முதல் முறை பறக்கும் முன்பும், குறை தெரிந்த பின்பும் அவர்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதை எடுத்துச் சொல்பவர் குறைவு.

முதல் நாள் சொல்லாதவை

பி வகுப்பு விங்கிலிருந்து, கூடுதல் பழக்கம் கேட்கும் சி வகுப்பு விங்குக்கு நான் மாறியபோது, சமதளத்தில் விங்கைத் தூக்கி இறக்கிப் பழகிவிட்டு, ஒரு காலை நேரத்தில் பில்லிங்கிலிருந்து கிளம்பினேன். லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டையான ரைசரில், முன் ரைசரை லேசாக ஏந்தியதுமே விங் தலைக்கு மேல் வந்து நின்றது. பழையதைவிட வேகமாக வந்ததால், முன்னால் பாய்ந்துவிடாமல் உடனே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு விரல் அளவு இழுத்தாலே திரும்பியது. தெர்மலின் ஓரத்தில் பட்டவுடன் அந்தப் பக்கத்து ரைசர் சற்றே தூக்க, ஏறும் காற்று எந்தப் பக்கம் என்று கைக்கே தெரிந்தது. வேகம் கூட்டக் காலால் மிதிக்கும் ஸ்பீடு பாரை மிதித்தபோதும் ஆட்டமில்லாமல் நேராக ஓடியது.

இத்தனையும் உண்மைதான். ஆனாலும் காலை நேரத்து மெல்லிய காற்றில் கிடைத்த உண்மை அது. நண்பகலில் தெர்மல் வலுத்து, மலையின் காற்று மறைவில் சுழல் உருவாகும்போது அதே விங் எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்த முதல் பறத்தலில் தெரியவே தெரியாது. இதுபோல் நீண்டு ஒடுங்கிய விங் ஒரு பக்கம் மடிந்தால் வேகமாகத் திரும்பும். மடிந்த நுனி லைன்களுக்குள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல். அப்போது சிந்திக்கக் கிடைப்பது சில நொடிகளே. 2024 அக்டோபர் கடைசியில் ஹிமாசலில் அடுத்தடுத்து இரண்டு வெளிநாட்டுப் பைலட்டுகள் உயிரிழந்தார்கள். அந்த மலை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஆகவே முதல் நாள் மகிழ்ச்சியை வைத்து விங்கை நம்பாதீர்கள். நம்ப வேண்டியவை விங்கின் லேபிள், சோதனை அறிக்கை, உங்கள் சொந்தப் பயிற்சி ஆகிய மூன்றும்தான்.

லேபிளைப் படியுங்கள்

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 926, விங்குகளை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. பைலட்டின் தவறை ஏ அதிகம் மன்னிக்கும், டி மன்னிக்காது. சி வகுப்பு, காற்றின் குலுக்கலை உணர்ந்து இடைவிடாமல் கையாளவும் மடிப்பிலிருந்து மீட்கவும் பழகியவர்களுக்கானது. சோதனையில் எந்த ஒரு செய்முறையில் மிக மோசமான தரம் கிடைக்கிறதோ, அதுவே விங்கின் வகுப்பாகிவிடும். இந்தச் சோதனைகளைத் தேர்ந்த பைலட்டுகள் அமைதியான காற்றில் செய்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கடைக்காரர்கள் ‘லோ பி’, ‘ஹை பி’ என்பார்கள். தரநிலையில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. “இது ஹை பி-தான், பயப்படாதீங்க” என்று சொன்னால், சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு செய்முறைக்கும் என்ன தரம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்.

லேபிளில் இன்னொரு முக்கியமான எண் எடை வரம்பு. அது உங்கள் உடல் எடை மட்டுமல்ல. விங், ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், உடை, ஹெல்மெட், கருவிகள், தண்ணீர் எல்லாம் சேர்ந்த எடை. 70 கிலோ உள்ளவர் முழுச் சுமையோடு தராசில் ஏறினால் 90 கிலோ தொடுவது சாதாரணம். வரம்புக்கு வெளியே பறந்தால் அந்த வகுப்புச் சான்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

பறக்கும் முன் செய்ய வேண்டியவை

லைன்களையும் தையல்களையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள். ரைசரில் லைன்கள் சேரும் சிறு இரும்பு வளையங்கள் இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக் லைனை உங்கள் வசதிக்காகக் குறைக்காதீர்கள். அதில் தொய்வு இல்லாவிட்டால், ஸ்பீடு பாரை முழுதாக மிதிக்கும்போது விங்கின் பின் விளிம்பு தானாகவே இழுபட்டு, வேகத்தில் மடிப்பு வரும் ஆபத்து கூடும். டைனீமா லைன்கள் பயன்பாட்டில் சுருங்கக்கூடியவை. குறைந்த சுமை தாங்கும் பின்பக்க லைன்கள் அதிகம் சுருங்குவதால் விங் மெல்ல மெல்ல வேகம் இழக்கும். அதனால், கையேடு சொல்லும் மணி நேரத்துக்குள் லைன் நீளத்தை அளக்கக் கொடுங்கள்.

புது ஹார்னஸும் வாங்கியிருந்தால், தொங்கவிட்ட நிலையில் உட்கார்ந்து ரிசர்வ் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, மறுபடி மடித்து வையுங்கள். முதல் சில பறத்தல்கள் மென்மையான காற்றில் இருக்கட்டும். மடிப்பு, ஸ்டால் மீட்புப் பயிற்சியைத் தண்ணீருக்கு மேல், பயிற்றுநர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

ஒரு சட்ட எச்சரிக்கையும் உண்டு. பின்மலைகளில் செல்போன் சிக்னல் இருக்காது என்பதால், வெளிநாட்டுப் பைலட்டுகளைப் பார்த்துச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வாங்கிவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், கைதானவர்கள் உண்டு. இறங்கும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கீழே இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

சட்டம் தரும் உரிமை

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தரம், அளவு, திறன், விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய கையேடோ எச்சரிக்கையோ தராதது ஆகியவற்றால் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம்.

நல்ல விங்குகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். “கம்பெனி பிரான்சில இருக்கு, நாங்க என்ன செய்ய முடியும்?” என்று விற்பனையாளர் கைவிரிக்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. தயாரிப்பாளர் மீது இந்தியாவில் நோட்டீஸோ தீர்ப்போ செல்லுபடியாகாத நிலையில், விற்றவரே பொறுப்பாளி ஆகலாம் என்கிறது சட்டத்தின் 86-ஆவது பிரிவு. எதற்கும் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் கலங்க வேண்டாம். சட்டத்தை நாடும் வழியை அடியோடு அடைக்கும் ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி செல்லாது.

எல்லையும் உண்டு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ, விற்றவர் மீது வழக்கு நிற்காது என்கிறது 87-ஆவது பிரிவு. லைனை நீங்களே வெட்டித் தைத்திருந்தால், எடை வரம்பை மீறியிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாகப் பயணியை உடன் ஏற்றி டேண்டம் பறக்கும் பைலட்டுக்கு விலக்கு உண்டு. தனிநபரிடம் பழைய விங் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. அவர் பணம் கொடுக்கும் முன்பே பரிசோதனைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

குறை தெரிந்தால்

பறப்பதை அன்றே நிறுத்துங்கள். எதையும் பிரிக்காமல், சரிசெய்யாமல், வரிசை எண் தெரியும்படி படம் எடுங்கள். விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, தயாரிப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள். வேறொரு பரிசோதனை நிலையத்தில் அறிக்கை பெறுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பறந்தது பில்லிங்கில், விற்ற கடை வேறு மாநிலத்தில் என்றாலும், கோயம்புத்தூரில் வசிப்பவர் கோயம்புத்தூரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் சேர வேண்டும்.

இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் அனைவரிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. பணம் கட்டும் முன், சோதனை அறிக்கை, உற்பத்தித் தேதி, உத்தரவாதம், டெமோ விங்கில் பறந்து பார்க்கும் வாய்ப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எல்லோரும் கேட்கத் தொடங்கினால் கொடுப்பதும் வழக்கமாகிவிடும். எழுத்தில் பதில் தரத் தயங்குபவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.