பட்டதாரிக்கும் ஒரு வாத்தியாரா?

பிள்ளை பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதி பிறக்கும் என்பது பழைய நம்பிக்கை. இப்போதோ நிம்மதி பிறப்பதில்லை. அடுத்த பரீட்சைதான் பிறக்கிறது. பொறியியல் பட்டதாரி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்க விரும்பினால் 'கேட்' பரீட்சை எழுத வேண்டும். வைத்தியப் பட்டதாரிக்கு மேற்படிப்பு 'நீட்' காத்திருக்கிறது. பரீட்சை என்ற பேச்சு எழுந்ததும் சேலம், நாமக்கல் சீமையில் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "எந்த டியூஷனில் சேர்ப்பது?" என்பதே. "டியூஷன் வேண்டுமா?" என்று கேட்பாரைக் காண்பது அரிதாயிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. தொழிற்கல்லூரிகளுக்காக 1984-ல் ஏற்படுத்திய நுழைவுத் தேர்வைத் தமிழ்நாட்டு ஸர்க்கார் 2006-ல் சட்டம் செய்து நீக்கிற்று. அதன் பின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே சர்வமும் ஆயிற்று. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் விடுதிப் பள்ளிகள் இராஜ்யமெங்கும் பெயர் பெற்றன. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நெட்டுருச் செய்விப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. இதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வந்தது. இதற்கிடையே 2017-ல் மருத்துவப் படிப்புக்கு 'நீட்' வந்தது. மார்க்குக்குப் பெயர் போன ஊர்களிலேயே அதற்கும் வகுப்புகள் முளைத்தன.

விளைவு என்ன? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அளித்த அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் இடம் பெற்றவர்களில், முதல் முறை கிட்டாமல் மீண்டும் பரீட்சை எழுதியவர்கள் 2016-17-ல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-லோ 71 பேர். பணத்தோடு வாலிபத்தில் ஒரு வருஷமும் செலவாகிறது என்பதே இதன் பொருள். கோழிப்பண்ணைக்குப் பெயர் போன ஜில்லாவில், முட்டையை அடுக்கி உஷ்ணம் கொடுத்தால் குறித்த நாளில் குஞ்சு பொரிப்பது போல், பிள்ளைகளை அடுக்கி வைத்தால் மார்க்குப் பொரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலும்! பள்ளிப் பிள்ளை விஷயத்தில் வேரூன்றிய அந்த எண்ணமே இப்போது பட்டதாரியையும் தொடர்கிறது.

ஆனால் வாத்தியாரால் பயனே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1984-ல் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வி நிபுணர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவன், முப்பது பேர் கொண்ட வகுப்பில் கற்றவர்களில் நூற்றுக்கு 98 பேரை மிஞ்சினான் என்று அது கூறிற்று. 2011-ல் வான்லேன் என்பவர் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, ப்ளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவான பயனே உண்டு என்று கண்டார். அந்தப் பாதிக்கும் குறைவானதே பெரிய பயன்தான். காரணம் எளிது. தனி ஆசிரியர் முன்னால் மாணவன் கணக்குப் போடுகிறான். எந்தப் படியில் வழுக்குகிறானோ அந்தப் படியிலேயே அவர் நிறுத்தித் திருத்துகிறார். புரிந்ததுபோல் தலையாட்டித் தப்பிக்க அங்கே வழியில்லை.

கடைத்தெருவில் விலைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வேறு சரக்கு. நூறு பேர், இருநூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்குகிறது. இத்தகைய பயிற்சி எவ்வளவு உயர்த்தும்? அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் 'ஸாட்' பரீட்சையைப் பற்றிப் பவர்ஸ், ராக் என்ற இருவர் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பார்ப்போம். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் 200 முதல் 800 வரை. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மொழிப் பகுதியில் சுமார் 8, கணிதத்தில் சுமார் 18 மட்டுமே அதிகம் பெற்றார்கள்.

இனி 'கேட்' பரீட்சைக்கு வருவோம். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க்கு. பொது அறிவுத்திறனுக்கு 15 மார்க்கு. மற்றதெல்லாம் பெரும்பாலும் பட்டப் படிப்பில் கற்ற பாடமே. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஒரு மார்க்குக் கேள்விக்குத் தவறான விடை தந்தால் மூன்றில் ஒரு பங்கு மார்க்கைக் கழித்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கிறவனுக்கு நான்கில் ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். வரவும் செலவும் சமமாகி மிஞ்சுவது சூனியம். ஒரு விடை தவறென்று நிச்சயமாகத் தெரிந்து அதை நீக்கியவனுக்கோ ஊகத்திலும் சற்று லாபம் உண்டு. இந்த நிதானம் பழகப் பழகத்தான் வரும்.

பழகுவது என்றால் திரும்பத் திரும்பப் படிப்பதன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியை இரு முறை படித்தவர்கள் ஒரு வாரம் சென்றபின் நூற்றுக்கு 42 பங்கு நினைவு கூர்ந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ 56 பங்கு நினைவு கூர்ந்தார்கள். மூடி எழுதிப் பார்க்க ஒரு காசும் செலவில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யலாம். முந்திய வருஷங்களின் கேள்வித்தாளும் விடையும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுதட்டும். பிறகு இழந்த மார்க்கை மூன்று கூறாகப் பிரிக்கட்டும்: பாடமே புரியாமல் இழந்தது, கைப்பிசகால் இழந்தது, நேரம் போதாமல் இழந்தது. பின்னிரண்டுக்கும் மருந்து பயிற்சி, வாத்தியார் அல்லர். முதற் கூறுக்கு மட்டும், அதுவும் புரியாத பாடத்துக்கு மட்டும், ஒருவரைத் தேடலாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின் பாடங்களைக் காசின்றிக் கேட்கலாம். 1966 முதல் சேலத்தில் அரசினர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. நாமக்கல் பக்கமும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. படித்த கல்லூரியின் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

படித்தவர் எவரும் இல்லாத வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வழிகாட்டி தேவை என்பதை மறுக்கவில்லை. அவர்கள் நல்ல ஆசிரியரை நாடட்டும். ஆனால் சேருமுன் இவற்றைக் கேட்கட்டும்: வகுப்பில் எத்தனை பேர்? நான் எழுதிய விடையை ஒருவர் படித்துத் தவறைச் சொல்வாரா? இடையில் விலகினால் பணம் திரும்புமா? சுவரில் படமாக இருப்பவர்கள் தேறியவர்கள். அவர்களோடு சேர்ந்து படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு விடை வராத இடத்தில் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவதை நாம் ஆமோதிக்க மாட்டோம்.

இது வீட்டுச் செலவை மட்டும் பொறுத்த விஷயமன்று. உயர்ந்த கல்வியின் வாசலில் பணப்பையே திறவுகோல் என்று ஆகிவிட்டால், ஆத்தூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள புத்திசாலிகளை நாடு இழந்துவிடும். கல்லூரிகள் மாலையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்து, பழைய மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தால் எவ்வளவோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும். அதுவரையில் மூன்று நான்கு நண்பர்கள் கூடி, ஒருவர் விடையை மற்றவர் திருத்தலாம். 'கேட்' மார்க்கு மூன்று வருஷம் செல்லும். அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முடியட்டும்.