குசலானமலைக்கு ஒருநாள் நடை

தன்னாமுனைக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வாவிக்கு அப்பால் தெரிவது படுவான்கரை. 1990ஆம் ஆண்டிலும், பின்னர் 2007 பங்குனியிலும் அக்கரையை விட்டு வெறுங்கையுடன் வந்த குடும்பங்கள் பல. பெரும்பாலானோர் திரும்பிவிட்டனர். வேறு சிலரோ வயல் அங்கே, வாழ்வு இங்கே என்று இன்னும் இருக்கின்றனர். இக்குடும்பங்களின் பிள்ளைகளிடம், “உங்கள் வட்டை எது? எந்த வாய்க்காலில் தண்ணீர் பாயும்?” என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரியாது. அவர்கள் நடந்து பாராத நிலம் அது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் நடந்து வருவோமா?

வழி

தன்னாமுனையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் செங்கலடிச் சந்திக்குப் போய், அங்கிருந்து பதுளை வீதியில் மேற்கே திரும்ப வேண்டும். போர்க்காலத்தில் சோதனைக்காக மணிக்கணக்கில் காத்து நின்ற கறுத்தப்பாலத்தைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பன்குடாவெளி, இலுப்படிச்சேனை கடந்தால் கரடியனாறு. நடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஊரில் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வட்டை விதானையாக இருந்தவரோ மாட்டுப் பட்டி வைத்திருப்பவரோ கிடைத்தால் நல்லது. எந்தக் கண்டம் எவருடையது, எந்தத் துருசு எங்கே திறக்கும், வெள்ளம் எந்தப் பக்கம் ஏறும், யானை எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் காலத்தோடு அது போய்விடக்கூடாது. பிள்ளைகள் கொப்பியும் பேனையும் கொண்டுவந்து எழுதிக்கொள்ளட்டும்.

மலையில் இருப்பது

குசலானமலையில் இன்று முருகன் கோயில் இருக்கிறது. அதே மலையில் பழங்காலக் கற்குகைகளும் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டுக்களும் உள்ளன. இலங்கையின் இத்தகைய குகைகள் பல இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றின் நெற்றியில் கல்லைக் குடைந்து ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறை வழியே உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக அது. நம் வீட்டுக் கூரைப் பீலி செய்யும் வேலையைத்தான் அது செய்தது.

நாடெங்குமுள்ள குகைக் கல்வெட்டுக்களில் பெரும்பாலும் எழுதியிருப்பது சிறு செய்திதான். இன்னாருடைய மகன் இன்னார் இக்குகையைத் துறவிகளுக்குக் கொடுத்தார் என்பதே அது. கொடுத்தவர்களில் அரசரும் உண்டு, ஊர்த்தலைவர்களும் சாதாரண குடும்பத்தலைவர்களும் உண்டு. அனுராதபுரத்தில் தமிழ்க் குடும்பத்தலைவர்களின் கூடத்தைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்லை இன்றைய ஓர் இனத்தின் பெயரில் மட்டும் எழுதிவிட முடியாது என்பதை இதிலிருந்து பிள்ளைகள் அறிந்துகொள்ளலாம். துறவிகள் குகையில் இருந்தார்கள் என்றால், அவர்களுக்குச் சோறு போட்ட வேளாண்மைக்காரரும் அருகில் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கல்லும் காணியும்

இங்கேதான் நமது கவலையும் இருக்கிறது. 2020 ஆனியில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. “கல் இருக்கிறது என்று காணியை எடுத்துவிடுவார்களோ” என்ற பயம் வயல்காரரிடையே பரவியது. பயத்தினால் பழங்கல்லை உடைப்பதோ மண்ணில் புதைப்பதோ தீர்வாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட சின்னங்களைப் பாதுகாக்கிறது. அவற்றைச் சேதப்படுத்துவது குற்றம். உடைத்தவருக்கு வழக்கும் வரும், காணிக்குப் பழியும் வரும்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை:

உழும்போது பழைய செங்கல்லோ எழுத்துள்ள கல்லோ வெளிப்பட்டால், அந்த இடத்தில் வேலையை நிறுத்திக் கிராம சேவகருக்கு எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தின் பிரதியொன்றை வைத்திருங்கள்.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய ஏக்கர்வரி பற்றுச்சீட்டு முதலியவற்றைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவைத் தேடுங்கள்.

எல்லை மரம், வரம்பு, வாய்க்கால், கிணறு, அயல்காணிக்காரர் பெயர் ஆகியவற்றை நடையின்போதே பிள்ளைகளைக் கொண்டு படமாக வரையச் செய்யுங்கள்.

புறப்படுமுன்

பெரும்போக வெட்டு முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், கட்டுச்சோறு, தொப்பி தேவை. மாலை நான்கு மணிக்கு முன் வீதிக்கு வந்துவிடுங்கள். பொழுதுபட்டால் அது யானையின் வழி. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. எனினும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள், அறியாத இரும்புப் பொருளைத் தொடாதீர்கள். குகைச் சுவரில் பெயர் எழுதவும் வேண்டாம்.

மலையில் பெயர் பொறித்தவர் யாரென்று இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் படிக்க முடிகிறது. நமது வட்டையின் பெயரையும் எல்லையையும் நமது பிள்ளைகளாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒருநாள் நடை பெரிய செலவல்ல.