மேகத்துக்குள் வழி சொல்லும் வரைபடம்

மழைக்காலத்தில் மும்பை காட்கோபரில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகம்தான் தெரியும். இரைச்சல் மட்டும் கேட்கும். திடீரென்று தலைக்கு மேல் ஒரு விமானம் தோன்றும். நமக்கு வானமே தெரியவில்லையே, விமானிக்கு ஓடுபாதை எப்படித் தெரிந்தது?

அவருக்கும் தெரியாது! அவர் நம்புவது கருவிகளையும் ஒரு சிறு வரைபடத்தையும்தான்.

ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. மேல்பகுதியில் திசை, ரேடியோ அலைவரிசை, சுற்றிலுமுள்ள குன்றுகளின் உயரம். அதன்கீழே பக்கவாட்டுத் தோற்றம்: எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. சாதாரணமாக 3 டிகிரி சரிவு. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறக்கம். தரையிலிருந்து வரும் ரேடியோ அலை காட்டும் முள்ளை நடுவில் வைத்துக்கொண்டே இறங்குவார்கள்.

முன்பு இவை தடித்த ஃபைல்களில் இருந்தன. மாற்றங்கள் 28 நாள் கணக்கில் அமலுக்கு வரும். பழைய தாளைக் கழற்றிப் புதியதைச் செருகும் வேலை, ஆபீஸ் சர்க்குலர்களோடு மல்லுக்கட்டுவோருக்குப் புரியும். இப்போது பெரும்பாலும் டேப்லெட்தான்.

இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அமெரிக்கத் தபால் விமானி எல்ரே ஜெப்சன். குன்றுகளில் தாமே ஏறி உயரம் அளந்து நோட்டில் குறித்தார். 1934-ல் அதன் பிரதிகளை 10 டாலருக்கு விற்றார்.

வரைபடத்தின் முக்கியமான எண் அடியில் இருக்கிறது. வழக்கமான கருவி இறக்கத்தில் அது தரையிலிருந்து 200 அடி. அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மேலே கிளம்பிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்ற பேச்சே கிடையாது. எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு உயரம் ஏறுவது என்பதும் அதிலேயே உண்டு. பயணிகள் பதறுவார்கள், விமானி செய்வது சரியான காரியம்தான்.

கண்ணை மட்டும் நம்பினால்? 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் சான்டாக்ரூஸ் என்று நினைத்து, அருகிலுள்ள சிறிய ஜூஹு நிலையத்தில் இறங்கிவிட்டது. இரண்டு ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடப்பவை. ஜூஹுவின் ஓடுபாதை அவ்வளவு பெரிய ஜெட்டுக்குப் போதாது. விமானம் முனையைத் தாண்டி ஓடிச் சேதமடைந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 1953-லும் ஒரு பிரிட்டிஷ் காமெட் ஜெட் இதே ஜூஹுவில்தான் தவறி இறங்கியது.