பத்திரங்களைப் பத்திரமாக வைப்போம்



உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது தகுதிக் குறைவு அல்ல, காகிதக் குறைவு. பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். சாதிச் சான்றிதழ் எங்கே என்று தெரியாது. இத்தா இருக்கும் சகோதரிக்குக் கணவர் வங்கியில் பணம் போட்டது தெரியும். எந்தக் கிளை என்று தெரியாது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் விருதுநகருக்கும் பேருந்தில் அலைந்து, நாள் கூலியையும் இழந்து திரும்புகிறார்கள். வீட்டில் ஒரு மூலை, ஒரு பெட்டி, ஒரு நோட்டு ஆகிய மூன்றையும் இதற்கென ஒதுக்கினால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

ஆளுக்கு ஓர் உறை

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனி உறை போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவை அதில் இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, தெக்கனி, ஷேக், சையது, மாப்பிள்ளை, அன்சார், துதேகுலா ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சான்றிதழில் 'முஸ்லிம்' என்பதோடு இந்தப் பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் எழுத்தையும் கவனியுங்கள். ஒரே மனிதர் ஆதாரில் மைதீன், பத்திரத்தில் முகைதீன், பள்ளியில் முஹ்யித்தீன் என்று இருந்தால் மூன்று பேராகத்தான் அலுவலகம் பார்க்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பே பிள்ளையின் பெயர், அத்தாவின் பெயர், முதலெழுத்து எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்படி சரிசெய்துகொள்வது நல்லது.

வீடு, நிலம்

கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவை ஓர் உறை. பட்டா வேறு, பத்திரம் வேறு. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. இரண்டும் வேண்டும்.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா' என்று இருந்தால் வேறு ஊர்ப் பத்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். நமது பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பிறகு இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 1985-இல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. 1997-இல் அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. இராஜபாளையம் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில்தான் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பெயரும் உட்பிரிவு எண்ணும் பிழையாக ஏறிய இடங்களும் உண்டு. பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே இதைச் செய்தால் விவரம் கேட்க ஆள் இருக்கும்.

அசல் பத்திரத்தை லேமினேட் செய்ய வேண்டாம். கரையான் எட்டாத இரும்புப் பெட்டியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் நகலின் மேலேயே எழுதிவிடுங்கள்.

கடனும் அமானிதமும்

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. ஆனாலும் நம் வீடுகளில் வாய்ச்சொல்லாக நிற்கும் கடன்களே அதிகம். யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம், யாருடைய நகை நம்மிடம் அமானிதமாக இருக்கிறது, மனைவிக்கு மஹர் பாக்கி உண்டா என்பதை நோட்டில் எழுதுங்கள். ஒருவர் மவுத்தானால், அடக்கச் செலவுக்குப் பிறகு கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத், மீதியே வாரிசுகளுக்கு. கடன் கணக்கு தெரியாமல் பாகம் பிரிக்கும் இடத்தில்தான் உடன்பிறந்தோர் பகையாகிறார்கள். புரோநோட்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டே காலக்கெடு என்பதும் நினைவிருக்கட்டும்.

வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கும் பொறுப்பாளர்தான். அந்தப் பணத்தில் மற்ற வாரிசுகளின் ஹக்கும் இருக்கிறது. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நாட்காட்டியில் குறிப்பு

சுவரில் தொங்கும் நாட்காட்டியே நல்ல திட்டப் பலகை. வாகனக் காப்பீடு, பாஸ்போர்ட் முடியும் தேதி, வீட்டுவரி, உதவித்தொகைக் கடைசி நாள் ஆகியவற்றை ஒரு மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் அரசிடமும் பதிய வேண்டும். ஜமாஅத் தஃப்தரில் இருப்பது மட்டும் போதாது. ஸகாத் ஆண்டு பிறை ஆண்டு என்பதால் ஆங்கிலத் தேதியைவிட ஏறத்தாழ 11 நாள் முன்னால் வரும். ஹிஜ்ரி தேதியைக் குறித்து, அன்றைய ரொக்கம், நகை, சரக்கு இருப்பை எழுதிவிட்டால் கணக்கு எளிது. வீட்டிலேயே தையலோ சிறு வியாபாரமோ செய்யும் சகோதரிகள் வரவு செலவை இதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதலாம். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அது கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. பெட்டி எங்கே, சாவி எங்கே என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் ஆண்கள் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எல்லா உறைகளின் பட்டியலையும் எழுதி, மனைவியிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ வாசித்துக் காட்டுங்கள். விண்ணப்பம் நிரப்பவும் விடுபட்ட சான்றுக்கு வழி கேட்கவும் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது உறைகளோடு வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களில் ஒற்றுமையையும் பரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.